கல்லுக்குக் கிடைத்த பெயர்: ஜாப் சார்நாக்கும் பல்லாவரத்துப் பாறையும் பெயர் பதியாத மனைவியும்

கேள்வி

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயில் பல்லாவரத்தையும் திரிசூலத்தையும் கடக்கும் சில நிமிடங்களில், வீடுகளுக்கு மேலாகக் கரும்பாறைக் குன்றுகள் தலைகாட்டி மறையும். பல குன்றுகள் பாதி வெட்டப்பட்டவை. வெட்டுமுகத்தில் பாறை நீலம் கலந்த சாம்பல் நிறத்தில், எண்ணெய் தடவியதுபோல மினுங்கும். ஊர்க்காரர்களுக்கு அது கருங்கல். நிலவியல் படித்தவர்களுக்கு அது சார்நாக்கைட். இலங்கையிலும் நார்வேயிலும் அண்டார்க்டிகாவிலும் இந்த வகைப் பாறை கண்டெடுக்கப்பட்டாலும் அதே பெயரால்தான் அழைக்கிறார்கள். உலகம் முழுவதற்கும் மாதிரியாக அமைந்தது நம் பல்லாவரத்துக் கல். பெயர் மட்டும் பல்லாவரத்துடையதல்ல.

அந்தப் பெயர் 1693 ஜனவரியில் வங்காளத்தில் இறந்த ஜாப் சார்நாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியுடையது. அவர் கல்லறைமேல் கிடத்திய பலகை சென்னைக்குத் தெற்கிலுள்ள இந்தக் குன்றுகளின் பாறையால் ஆனது என்று இரு நூற்றாண்டுகள் கழித்து ஒரு நிலவியலாளர் கண்டறிந்தார். பலகையில் செதுக்கியிருந்த பெயர் பாறைக்கே பெயராயிற்று.

சார்நாக்குக்கு ஓர் இந்திய மனைவி இருந்தார். இருவரும் நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்தார்கள். பெண் மக்களைப் பெற்றார்கள். ஆங்கிலேயர் இந்தியாவில் காலூன்றிய தொடக்க காலத்து இணையர்களில் இவர்களைப்போல் அதிகம் பேசப்பட்டவர்கள் குறைவு. ஆனாலும் அந்தப் பெண்ணைப் பற்றிய பேச்சில் எது சான்று, எது கதை என்று பிரித்துப் பார்க்கும் வேலை தமிழில் நடந்ததாகத் தெரியவில்லை. அதற்கு இக்கட்டுரை ஒரு சிறு முயற்சி. அவரைப் பற்றி உறுதியாக எவ்வளவு சொல்ல முடியும், அவர்மேல் பிறர் போர்த்தியது எவ்வளவு என்பதே கேள்வி.

'மனைவி' என்ற சொல்லை யோசித்தே ஆள்கிறேன். இவர்கள் தேவாலயத்தில் மணந்தவர்கள் அல்லர். அதைக் காரணம் காட்டிப் பழைய ஆங்கில நூல்கள் பல அவரை வேறு சொற்களால் குறிக்கின்றன. இரண்டு தலைமுறை ஆவணங்களில் தடம் பதித்த ஒரு குடும்பத்தின் தாயை அப்படி அழைக்க எனக்கு ஒப்பவில்லை.

பாட்னாவிலிருந்து சுதானுடி வரை

சார்நாக்கின் பணி வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1650களின் நடுவில் இந்தியா வந்தார். 1658இல் காசிம்பஜார் வணிக நிலையத்தில் ஆண்டுக்கு 20 பவுன் சம்பளத்தில் நான்காம் நிலை ஊழியர். அடுத்து பாட்னா. ஐரோப்பியப் போர்களுக்குத் தேவையான வெடியுப்பு அங்கிருந்துதான் கப்பலேறியது. அந்த நிலையத்தின் தலைவராக உயர்ந்து 1680 வரை அங்கேயே இருந்தார். பிறகு மீண்டும் காசிம்பஜார், ஹூக்ளி. 1686இல் முகலாய ஆளுநர் சாயிஸ்தா கானின் ஆட்களோடு மோதல் வெடித்தது. கம்பெனியார் ஹூக்ளியை விட்டுச் சுதானுடிக்கும், அங்கிருந்து ஹிஜிலித் தீவுக்கும் ஓடினார்கள். கடைசியில் கேப்டன் வில்லியம் ஹீத் எல்லோரையும் கப்பலில் ஏற்றி 1689 மார்ச்சில் சென்னப்பட்டினத்தில் கொண்டுவந்து இறக்கினார். சார்நாக் ஓராண்டுக்கும் மேலாக இங்கே தங்கினார். 1690 ஆகஸ்ட் 24 அன்று மூன்றாம் முறையாகச் சுதானுடியில் இறங்கினார். அந்த நாளைத்தான் கல்கத்தாவின் பிறந்தநாள் என்று பின்னால் கொண்டாடினார்கள்.

பாட்னாவில் கழித்த இருபது ஆண்டுகளை இங்கே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கோட்டையோ தேவாலயமோ ஆங்கிலக் குடும்பங்களோ இல்லாத ஊர். உண்பதும் உடுப்பதும் நோய்க்கு மருந்து தேடுவதும் அந்த ஊர் வழக்கப்படிதான். அங்கே அவர் வாழ்வில் வந்தவர் இந்தப் பெண்.

இரண்டு சாட்சிகள்

அவரைப் பற்றிப் பேசும் பழைய எழுத்துகளில் முதன்மையானவை இரண்டு. ஒன்று வில்லியம் ஹெட்ஜஸின் நாட்குறிப்பு. ஹெட்ஜஸ் 1682இல் வங்காளத்துக்குக் கம்பெனியின் தலைமை முகவராக வந்தவர். சார்நாக்கோடு தொடக்கம் முதலே பகை. ஹென்றி யூல் இந்நாட்குறிப்பைப் பதிப்பித்தார். 1880களின் இறுதியில் ஹக்லூயிட் கழகம் வெளியிட்டது. மற்றொன்று அலெக்சாண்டர் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்துக் கப்பல் தலைவர் 1727இல் வெளியிட்ட கிழக்கிந்தியப் பயண நூல்.

ஹெட்ஜஸ் 1682 டிசம்பரில் எழுதுவது ஒரு புகார். சார்நாக் பாட்னாவில் இருந்தபோது ஒரு 'ஜெண்டு' பெண்ணை வைத்திருந்தாராம். நம் சென்னையில் அந்தச் சொல் பெரும்பாலும் தெலுங்கரைக் குறித்தது. வடக்கே பொதுவாக இந்துவைக் குறித்தது. அவளுடைய கணவன் அப்போது உயிரோடு இருந்தான், அல்லது சற்றுமுன்தான் இறந்திருந்தான். அவள் கணவனின் பணத்தையும் நகைகளையும் எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டாள். செய்தி நவாபுக்கு எட்டியது. பன்னிரண்டு சிப்பாய்கள் வந்தார்கள். சார்நாக் தப்பிவிட்டார். அவருடைய வக்கீல், அதாவது நவாபின் அவையில் கம்பெனிக்காகப் பேசும் முகவர், பிடிபட்டு இரண்டு மாதம் சிறையில் கிடந்தார். முடிவில் 3,000 ரூபாயும் ஐந்து உருப்படி சகலாத்துத் துணியும் சில வாள் அலகுகளும் கொடுத்து விவகாரத்தைத் தீர்த்தார்கள். இவர்களில் யார் இறந்தாலும் இதே வழக்கைச் சொல்லிக் கம்பெனியிடம் பணம் பறிப்பார்கள் என்பது ஹெட்ஜஸின் கவலை.

ஹாமில்டன் சொல்வது முற்றிலும் வேறு. உடன்கட்டை ஏறப்போன ஓர் இளம் விதவையை வேடிக்கை பார்க்கச் சார்நாக் தன் காவலரோடு போனார். அவள் அழகில் மயங்கிக் காவலரை ஏவிச் சிதையிலிருந்து இழுத்துவரச் செய்து தன் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். பல்லாண்டுகள் அன்பாக வாழ்ந்தார்கள், பிள்ளைகள் பிறந்தார்கள். கல்கத்தாவில் குடியேறிய பின் அவள் இறந்தாள். அவளைக் கிறிஸ்தவளாக்குவதற்கு மாறாக அவளே அவரைத் தன் சமயத்துக்கு இழுத்துக்கொண்டாள். முறையாகப் புதைத்தது ஒன்றுதான் அவர் செய்த கிறிஸ்தவச் செயல். ஆண்டுதோறும் அவள் இறந்த நாளில் கல்லறைமேல் சேவல் பலி கொடுத்துவந்தார்.

பிற்கால வரலாறுகளும் புனைகதைகளும் சுற்றுலாக் கையேடுகளும் எடுத்துக்கொண்டது இரண்டாவதைத்தான். சிதையிலிருந்து மீட்ட வெள்ளைக்காரன், நன்றியோடு வாழ்ந்த கறுப்பு மனைவி என்ற படிமம் காலனியத்துக்கு வசதியானது. ஆனால் சான்று என்ற முறையில் நிறுத்துப் பார்த்தால் எனக்குத் தட்டு மறுபக்கம் சாய்கிறது.

முதற்காரணம் காலம். ஹெட்ஜஸ் எழுதியபோது சார்நாக்கும் அவர் மனைவியும் உயிரோடு, சில நாள் பயணத் தொலைவில் இருந்தார்கள். ஹாமில்டனின் நூல் அதற்கு 45 ஆண்டுகள் பிந்தியது. பாட்னா நிகழ்ச்சி நடந்ததாகக் கருதப்படும் காலத்தில் அவர் கீழ்த்திசைக் கடலுக்கே வரவில்லை, 1688இல்தான் வந்தார். துறைமுகங்களில் காதில் விழுந்ததைத்தான் எழுதியிருக்க முடியும்.

இரண்டாவது காரணம், கணவனைப் பற்றிய செய்தி. அவன் உயிரோடு இருந்தான் என்பது உண்மையானால் உடன்கட்டைக்கே இடமில்லை. 'சற்றுமுன் இறந்தவன்' என்பது உண்மையானால் உடன்கட்டைக்கு வழி திறக்கிறது; ஆனால் அப்படி ஒரு பரபரப்பான நிகழ்ச்சி நடந்திருந்தால், சார்நாக்கைப் பழிக்கச் சாக்குத் தேடிய ஹெட்ஜஸ் அதை விட்டிருப்பாரா? காவலரை ஏவிச் சிதையைக் கலைத்து நவாபின் கோபத்தைச் சம்பாதித்தார் என்பது, நகை திருட்டைவிடக் கம்பெனி முதலாளிகளின் காதில் பெரிதாக விழுந்திருக்கும். அவர் எழுதவில்லை.

மூன்றாவது காரணம் ஹாமில்டனின் பழக்கம். நம் ஊருக்கு நேரடித் தொடர்புள்ளது இது. கம்பெனி அதிகாரி பிரான்சிஸ் டே 1639இல் துறைமுகமே அமையாத இந்தக் கரையைச் சென்னைக் கோட்டைக்குத் தேர்ந்ததற்குக் காரணம், பக்கத்துச் சாந்தோமில் அவருக்கு ஒரு காதலி இருந்ததுதான் என்ற கதை இன்றும் சென்னை நாள் கூட்டங்களில் சொல்லப்படுகிறது. அந்தக் கதையை அச்சேற்றியவரும் இதே ஹாமில்டன்தான். கம்பெனியின் அனுமதி வட்டத்துக்கு வெளியே தனி வணிகம் செய்து, கம்பெனி அதிகாரிகளைக் கண்டாலே கசந்தவர். கம்பெனியின் இரண்டு பெருநகரங்களோடு தொடர்புள்ள இரண்டு அதிகாரிகளைப் பற்றியும் ஒரே நூலில் ஒரே கை பெண்ணாசைக் கதை எழுதியிருக்கிறது. இவற்றைச் சேர்த்துப் படிப்பவருக்குச் சார்நாக் கதையில் ஓர் அச்சு வார்ப்பு தெரியும்.

இதனால் ஹெட்ஜஸ் நடுநிலையாளர் ஆகிவிடமாட்டார். நகை திருட்டு என்பது கணவன் தரப்பின் வாதம். ஓடிப்போன பெண்மீது இன்றும் காவல் நிலையங்களில் முதலில் வைக்கப்படும் புகார் அதுதான். அது அவர் உரிமைப் பொருளாகக்கூட இருந்திருக்கலாம். ஆயினும் ஒரு வேறுபாடு என்னை நிறுத்துகிறது. ஹாமில்டனின் கதையில் அந்தப் பெண் எதையும் தானாகச் செய்வதில்லை. சிதைக்குக் கொண்டுபோகிறார்கள், சிதையிலிருந்து இழுத்துவருகிறார்கள். பகைவரான ஹெட்ஜஸின் வாக்கியத்தில் அவர் தாமே புறப்படுகிறார். பொருளை எடுத்துக்கொள்கிறார், கணவன் வீட்டை விட்டு வெளியேறுகிறார், தனக்கு வேண்டியவரிடம் போய்ச் சேர்கிறார். பழிப்பதற்காக எழுதப்பட்ட வரியில்தான் அவருக்குக் கால்கள் இருக்கின்றன. காதல் கதை அந்தக் கால்களை வெட்டிவிட்டது.

1689 ஆகஸ்ட் 19

இந்தக் குடும்பத்தைப் பற்றிய மிக உறுதியான ஆவணம் சென்னையில் உண்டானது. புனித ஜார்ஜ் கோட்டையின் புனித மேரி தேவாலயத்தில் 1689 ஆகஸ்ட் 19 அன்று மேரி, எலிசபெத், கேத்தரின் என்ற மூன்று பெண்களுக்குத் திருமுழுக்கு நடந்தது. மூவரும் ஜாப் சார்நாக்கின் மகள்கள். வங்காளத்திலிருந்து அகதிகளைப்போல வந்திறங்கி ஐந்து மாதம் ஆகியிருந்தது.

மூன்று பேருக்கும் ஒரே நாளில் ஏன்? குழந்தை பிறந்த சில நாள்களில் திருமுழுக்குக் கொடுப்பதே அக்கால ஆங்கிலேய வழக்கம். வங்காளத்தில் பாதிரியார் இல்லாததால் தள்ளிப்போனது என்று எளிதாக விளக்கலாம்; பாட்னாவைப் பொறுத்தவரை அது பொருந்தும். ஆனால் 1678 முதல் ஹூக்ளியில் ஜான் இவான்ஸ் என்ற பாதிரியார் கம்பெனிப் பணியில் இருந்தார். 1680க்குப் பிறகு சார்நாக் அவருக்கு எட்டிய தொலைவில்தான் வாழ்ந்தார். வேண்டுமென்றிருந்தால் எப்போதோ முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. அப்படியானால் அந்தப் பெண்கள் தாயின் பழக்கவழக்கங்களில் வளர்ந்தார்கள் என்று கொள்வதே இயல்பு. ஹாமில்டனின் கதையில் நான் நம்பத் தயாராக இருக்கும் பகுதி இதுதான்: அவர் மனைவியை மதம் மாற்றவில்லை. சிதையைப் பற்றி ஹாமில்டன் சொன்னதை விலக்கினாலும், இதைச் சென்னைத் தேவாலயப் பதிவு மறைமுகமாகத் தாங்கிப்பிடிக்கிறது.

பிறகு ஏன் 1689இல்? விடை கோட்டையின் சூழலில் கிடைக்கும் என்று நினைக்கிறேன். பாட்னாவில் யாரும் கேட்காத கேள்விகள் இங்கே எழுந்தன. ஆளுநர் எலிஹு யேல். அவரும் கேத்தரின் ஹின்மர்ஸ் என்ற ஆங்கில விதவையும் 1680 நவம்பரில் செய்துகொண்ட திருமணம்தான் புனித மேரி தேவாலயத்தின் முதல் திருமணப் பதிவு. கம்பெனி இயக்குநர்கள் 1687இல் சென்னைக்கு எழுதிய கடிதத்தில், சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஊக்குவிக்கவும், பிறக்கும் குழந்தைக்குத் திருமுழுக்கு நடக்கும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் கொடுக்கவும் இசைந்திருந்தார்கள். கலப்புக் குடும்பத்தைக் கம்பெனி அன்று வெறுக்கவில்லை. பதிவேட்டுக்குள் வந்தால் போதும் என்றது. வளர்ந்துவரும் மூன்று பெண்களின் தந்தைக்கு, பதிவேட்டில் பெயர் ஏறுவதன் பயன் புரிந்திருக்கும். மூவரும் பிற்பாடு கம்பெனி வட்டத்து ஆங்கிலேயர்களையே மணந்தார்கள்: மேரி சார்லஸ் அயரையும், எலிசபெத் வில்லியம் பௌரிட்ஜையும், கேத்தரின் ஜொனாதன் ஒயிட்டையும்.

இங்கே 'மரியா' என்ற பெயரையும் கேட்டுப் பார்த்துவிட வேண்டும். பல நூல்கள் சார்நாக்கின் மனைவிக்கு அந்தப் பெயரைத் தருகின்றன. ஹெட்ஜஸும் ஹாமில்டனும் அவருக்கு எந்தப் பெயரும் தரவில்லை. மரியா கிறிஸ்தவப் பெயர். அவர் மதம் மாறவில்லை என்று ஹாமில்டனை நம்பினால் மரியா என்ற பெயரை ஏற்க முடியாது. மரியா என்பதை ஏற்றால் ஹாமில்டனைத் தள்ள வேண்டும். இரண்டையும் ஒரே பத்தியில் எழுதுகிறவர்கள் இந்த முரணைக் கவனிப்பதில்லை. என் ஊகம், ஊகம் மட்டுமே: மூத்த மகளின் மேரி என்ற பெயர் காலப்போக்கில் தாய்மேல் ஏறியிருக்கலாம். பாட்னாவில் தாய்தந்தையர் இட்டு அழைத்த பெயர் எந்தத் தாளிலும் வந்துசேரவில்லை.

யேல் குடும்பத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு உறைக்கும். கேத்தரினின் திருமணம் பதிவில் உண்டு. குழந்தையாக இறந்த அவர் மகன் டேவிட் அடக்கமான கூர்ங்கோபுரம் உயர் நீதிமன்ற வளாகத்தில் இன்றும் நிற்கிறது. ஒரே ஊர், ஒரே பத்தாண்டு, ஒரே கம்பெனி.

சேவல்

ஆண்டுதோறும் கல்லறைமேல் சேவல் அறுத்தார் என்ற செய்தியை ஆங்கில எழுத்தாளர்கள் பலரும் ஒரு வினோதமாகவே எடுத்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரன் அஞ்ஞானியானான் என்பதன் அடையாளம் அவர்களுக்கு. பீகாரில் ஐந்து பீர்களை வணங்குவோரிடம் சேவல் பலி வழக்கம் உண்டு என்று சுட்டிச் சிலர் மேலும் ஆராய்ந்தார்கள். அந்த வணக்கம் அங்கே எளிய சாதி இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது.

நம் பக்கத்து வாசகருக்கு இதில் வினோதம் ஏதுமில்லை. இறந்தவரைப் புதைத்து, அந்த இடத்தில் ஆண்டுக்கொரு முறை சேவல் அறுத்துப் படையலிடும் குடும்பங்கள் தாம்பரத்தைச் சுற்றிய ஊர்களிலேயே உண்டு. அந்தக் கண்ணோடு பார்த்தால் ஹாமில்டனின் செய்தி வேறொன்றைச் சொல்கிறது. பிராமணரோ பிற மேல்சாதியினரோ இறந்தவருக்குச் செய்யும் சடங்கில் சேவல் வராது. சேவல் உண்மையானால், சிதையிலிருந்து மீட்கப்பட்ட பிராமண விதவை என்று பிற்காலக் கதைகள் சேர்த்த அலங்காரம் பொய்யாகும். உடன்கட்டை வழக்கம் பெரிதும் மேல்சாதிகளைச் சார்ந்தது என்பதால், ஹாமில்டனுடைய கதையின் தொடக்கத்தை அதன் முடிவே மறுக்கிறது. கதையின் முடிவுதான் நேரில் பார்த்தவர்களிடமிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். 1690க்குப் பிந்தைய சுதானுடியை அவர் காலத்து மாலுமிகள் பலர் அறிந்திருந்தார்கள். ஆகவே, எளிய குடியில் பிறந்த, தன் குலவழக்கத்தைக் கணவர் வீட்டிலும் கைவிடாத ஒரு பெண்ணையே நான் காண்கிறேன். அவர் இறந்த பின்னும் அந்த வழக்கத்தைக் கிழவரான சார்நாக் தொடர்ந்ததை மதமாற்றம் என்று படிப்பதைவிட, மனைவிக்குப் பிடித்த முறையில் திதி கொடுக்க அவர் விரும்பினார் என்று படிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

பல்லாவரத்திலிருந்து ஒரு பலகை

சார்நாக்கின் கல்லறை மண்டபம் கொல்கத்தாவில் புனித ஜான் தேவாலய வளாகத்தில் உள்ளது. எண்கோண வடிவம். மருமகன் சார்லஸ் அயர் 1695 வாக்கில் எழுப்பினார். உள்ளே கிடக்கும் கரிய பலகையில் இலத்தீன் வாசகம்: தன்னுடையதல்லாத மண்ணில் நெடுங்காலம் அலைந்தபின் 1692 ஜனவரி 10 அன்று தன் நித்திய வீட்டுக்குத் திரும்பினார் என்பது அதன் கருத்து. அன்றைய ஆங்கில ஆண்டு மார்ச் 25இல் தொடங்கியதால் நம் கணக்கில் அது 1693. அதே பலகையில் பின்னால் மகள் மேரியின் மறைவும் சேர்க்கப்பட்டது. அவர் இறந்தது 1697 பிப்ரவரியில். மேரியின் தாயைப் பற்றி அந்தக் கல்லில் ஒரு சொல்லும் இல்லை. 'தன்னுடையதல்லாத மண்' என்று எழுதிய கையும், அந்த மண்ணின் பெண்ணை மணந்து அந்த மண்ணிலேயே பேறுபெற்ற குடும்பத்தின் கைதான்.

வங்காளச் சமவெளி வண்டல் மண். தோண்டினால் களிமண்ணும் மணலும்தான், கல் கிடையாது. நல்ல பலகை வேண்டுமானால் வெளியிலிருந்து வரவேண்டும். சென்னையில் கம்பெனிக்கு அருகிலிருந்த கல் மலைகள் பரங்கிமலையும் பல்லாவரமும். குன்றிலிருந்து பாளம் பிளந்து, உளியால் சமன்செய்து, மாட்டுவண்டியில் கடற்கரைக்கு இறக்கி, மசூலாப் படகில் அலைகளைக் கடத்திக் கப்பலில் ஏற்ற வேண்டும். சென்னைக் கரையில் அன்று துறைமுகம் இல்லை. கனமான எந்தச் சரக்கும் அப்படித்தான் போனது. கருங்கல்லில் ஆணிக்குழி வரிசையாகப் போட்டு, ஓட்டம் பார்த்து, ஒரே அடியில் பிளக்கத் தெரிந்தவர்கள் இங்கே பல்லவர் காலத்திலிருந்து இருந்தார்கள்.

1893இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் இந்தப் பலகையை ஆராய்ந்து வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். படிகக்கல், பெல்ட்ஸ்பார், ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் ஆகியவை சேர்ந்த இந்தப் பாறை சென்னைக்கருகில் உள்ள குன்றுகளின் பாறைதான் என்று கண்டு, கல்கத்தாவை நிறுவியவர் நினைவாகச் சார்நாக்கைட் என்று பெயரிட்டார். 1900இல் அவர் எழுதிய விரிவான ஆய்வு தீபகற்ப இந்தியா முழுவதிலும் பரவியுள்ள இத்தகைய பாறைகளை ஒரு தொகுதியாக வகுத்தது. பூமியின் மேலோட்டில் மிக ஆழத்தில், மிகுந்த வெப்பத்தில், நீர்ச்சத்து குறைந்த சூழலில் உருவானவை இவை. சென்னைப் பகுதியில் உள்ளவற்றின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். அவருடைய கண்டுபிடிப்பின் தரத்தில் குறை காண எதுவுமில்லை. பெயரிடும் நேரத்தில் அவர் முன் இரண்டு தெரிவுகள் இருந்தன: கல் பிறந்த ஊர், கல்லின் கீழ்ப் படுத்தவர். அவர் இரண்டாவதை எடுத்தார். ஊரின் பெயரால் கல்லை அழைப்பது நிலவியலில் புதிதல்ல.

குன்றின் மற்றப் பெயர்கள்

பெயர் தேடிக் காத்திருந்த குன்றல்ல பல்லாவரம். மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் இங்கே பாறையைக் குடைந்து ஒரு குகைக்கோயில் எடுத்தான். தன் விருதுப்பெயர்களைக் கல்லில் வரிசையாக வெட்டிவைத்தான். அந்தக் குகை இன்று தர்காவாக இருக்கிறது. திரிசூலத்தில் சோழர் காலத்துச் சிவன் கோயில். 1863 மே 30 அன்று இராபர்ட் புரூஸ் புட் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியப் பழங்கற்கால ஆய்வு அங்கிருந்துதான் தொடங்கியது. அதே பகுதியில் 1880களின் இறுதியில் அலெக்சாண்டர் ரீ சுடுமண் ஈமப்பேழைகளைத் தோண்டியெடுத்தார். சார்நாக்கின் பலகை இங்கிருந்து போவதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, இறந்தவரை எதில் கிடத்துவது என்று இந்த ஊர்க்காரர்கள் யோசித்து மண்ணில் விடை செய்திருக்கிறார்கள். 

பரங்கிமலையின் சார்நாக்கைட் இப்போது தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். ஆனால் அதே பாறையின் பெரும்பகுதி கடந்த நூற்றாண்டில் ஜல்லியாகிச் சென்னையின் அடித்தளங்களுக்குப் போய்விட்டது. பம்மல், திரிசூலம் பக்கத்தில் குவாரிப் பள்ளங்கள் எஞ்சியுள்ளன. மேற்கே சிக்கராயபுரம் குவாரிகளில் தேங்கிய நீரைச் சுத்திகரித்து 2019 வறட்சியில் நகரத்துக்குக் கொடுத்தார்கள். பல்லாவரமும் பம்மலும் 2021 முதல் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டன.

'நிறுவியவர்' என்ற பட்டம்

ஹாலண்ட் கல்லுக்குப் பெயரிட்டதன் காரணமே பிறகு நீதிமன்றம் ஏறியது. வங்காளத்தின் பழைய நிலவுடைமைக் குடும்பமான சாபர்ண ராய் சௌத்ரிகளின் வழியினர் தொடுத்த வழக்கில், வரலாற்றாளர் குழுவின் அறிக்கையை ஏற்றுக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 2003 மே 16 அன்று தீர்ப்பளித்தது: சார்நாக் அந்நகரை நிறுவியவர் அல்லர், ஆகஸ்ட் 24 அதன் பிறந்தநாளும் அன்று. சுதானுடி, கலிகாதா, கோவிந்தபூர் என்ற மூன்று ஊர்களும் அவருக்கு முன்பே இருந்தன. அவ்வூர்களின் வரிவசூல் உரிமையைக் கம்பெனி 1,300 ரூபாய்க்குப் பெற்றது 1698 நவம்பரில், சார்நாக் இறந்து ஏறக்குறைய ஆறு ஆண்டுகளுக்குப் பின்.

அந்தப் பத்திரம் சார்லஸ் அயர் முகவராக இருந்தபோது எழுதப்பட்டது. கல்லறையைக் கட்டிய மருமகன் அவர்தான். புனித மேரி தேவாலயத்தில் 1689இல் திருமுழுக்குப் பெற்ற மேரியின் கணவர். கல்கத்தாவின் காகித உரிமை கம்பெனிக்கு வந்த இடத்தில் நிற்பவர், பாட்னாவிலிருந்து நகையோடு புறப்பட்டு வந்த அந்தப் பெண்ணின் மருமகன் என்பதை நான் படித்த எந்த நகர வரலாறும் அந்த உறவுச்சொல்லால் எழுதிப் பார்த்ததில்லை.

2003 தீர்ப்புக்குப் பின் பட்டம் போய்விட்டது. பாறையின் பெயர் போகாது. அறிவியலில் நிலைபெற்ற பெயரை மாற்றுவது எளிதல்ல. மாற்ற வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. பரங்கிமலை ஏறும் பள்ளிப் பிள்ளைகளிடம் அந்தப் பெயரைச் சொல்லும்போது, சார்நாக்கின் வீட்டில் சேவல் திதி பெற்ற ஒரு மனைவி இருந்தார் என்பதையும், சென்னைக் கோட்டையில் ஒரே நாளில் திருமுழுக்குப் பெற்ற மூன்று பெண்களின் தாய் அவர் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.